சாதாரண ஆள் உடற்பயிற்சிக் குழுவில் ஒட்ட முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம், ஓட்டக் குழு, சைக்கிள் குழு, தரை விரிப்பில் செய்யும் வகுப்பு என எதுவானாலும், புதிதாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பயிற்சியின் கஷ்டம் இல்லை. "இங்க இருக்கறவங்கள்லாம் வேற மாதிரி, நான் வேற மாதிரி" என்ற நினைப்புதான். திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

1. முதல்ல வீட்லயே உடம்பைக் கொஞ்சம் தேத்திட்டு, அப்புறம் ஜிம்ல சேரலாம்னு இருக்கேன். அதுதானே சரி?

தேற்றிக்கொள்ளத்தான் அந்த இடமே. தேறிய பிறகு போகலாம் என்று நினைப்பவர்களில் பலர் போவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிட நடையும் சேரும். உள்ளே நுழைய இவ்வளவு பலம் வேண்டும், இவ்வளவு எடைதான் இருக்க வேண்டும் என்று எந்த அளவும் கிடையாது.

விதிவிலக்கு உடல்நிலை மட்டும்தான். நெஞ்சுவலி, தலைசுற்றல், மயக்கம், இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பொறுப்பான கூடங்கள் சேரும்போதே இதைக் கேட்கும் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். நீட்டவில்லை என்றால் நீங்களே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

2. உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு. நிஜமாவே பாக்கறாங்களா?

நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பார்ப்பதில்லை. தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களுக்குச் சங்கடம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று உள்ளே போனவர்கள் கணித்தார்கள். கவனித்திருந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஜிம்மில் இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு செட்டுக்கு (ஒரு பயிற்சியை நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்) நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரின் கண் எங்காவது நிலைகுத்தி நிற்கும். அந்தப் பார்வையின் வழியில் நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் "யாரும் பார்க்கவில்லை, கவலையை விடுங்கள்" என்பதோடு நிறுத்தினால் அது பாதி பதில். பிறர் அருகில் இருக்கும்போது, நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும், புதிதாகக் கற்கும் வேலை தடுமாறும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1965இல் விளக்கினார். வீட்டில் ஒழுங்காக வந்த ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) இங்கே கோணலாக வருவது இதனால்தான். எனவே புது அசைவைக் கூட்டம் குறைந்த நேரத்தில், வெறும் கையோடு அல்லது மிகக் குறைந்த எடையோடு பழகுங்கள். பழகியதைக் கூட்ட நேரத்தில் செய்யுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு எந்த நேரம் காலியாக இருக்கும் என்று வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள்.

3. முதல் நாள் என்ன செய்யறதுன்னே தெரியல. ட்ரெட்மில்ல ஏறி நடந்துட்டு வந்துடறேன்.

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ட்ரெட்மில் ஒரு பாதுகாப்பான ஒளிவிடம், அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், ஒரு மாதம் கழித்தும் அங்கேயே நிற்பீர்கள். கையில் ஒரு சீட்டு இருந்தால் இது தீரும். அதில் ஐந்து பயிற்சிகள் போதும்: ஐந்து முதல் எட்டு நிமிடம் நடை, ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்து ஸ்குவாட் 8 முறை, பெஞ்சில் கை ஊன்றிப் புஷ்-அப் 6 முதல் 8 முறை, உட்கார்ந்து இழுக்கும் ரோ மெஷினில் 10 முறை, முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் 20 நொடி. நடையைத் தவிர ஒவ்வொன்றும் இரண்டு செட், நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு செட்டிலும் "இன்னும் மூன்று நான்கு முறை முடியும்" என்ற நிலையில் நிறுத்துங்கள். பழகாத தசையின் வலி அன்றைக்குத் தெரியாது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். முதல் நாளே உயிரைக் கொடுத்துச் செய்தவர் மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் இரண்டாவது வகுப்பைத் தவற விடுகிறார். ஒட்டுவதற்குத் தேவை அந்த இரண்டாவது வருகைதான். கடும் வலி, வீக்கம், தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று வந்தால் அது சாதாரண வலி இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

4. எனக்கு வேண்டிய மெஷின்ல ஆள் இருக்காங்க. கேக்கக் கூச்சமா இருக்கு. என்னன்னு கேக்கறது?

"இன்னும் எத்தனை செட் இருக்கு?" இது போதும். மூன்றுக்கு மேல் என்றால், "நீங்க ரெஸ்ட் எடுக்கும்போது நான் ஒரு செட் போட்டுக்கலாமா?" என்று கேட்கலாம். இது எல்லாக் கூடத்திலும் வழக்கமான கேள்வி. அவர் செட்டில் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். எடையைக் கீழே வைத்து, நிமிர்ந்து, மூச்சு விட்ட பிறகு கேளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு தூக்குகிறார் என்பதைக் கொண்டு பழைய ஆட்கள் புதியவரை எடைபோடுவது குறைவு. அவர்கள் கவனிப்பது வேறு: எடுத்த டம்பெல் அதே இடத்துக்குப் போனதா, வியர்வை பட்ட பெஞ்சைத் துடைத்தாரா, ஒருவர் எடை தூக்கும்போது அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குறுக்கே போனாரா, மெஷினில் உட்கார்ந்து போன் பார்க்கிறாரா. இவற்றைச் சரியாகச் செய்கிற ஆள் பத்து கிலோ தூக்கினாலும் "நம்ம ஆள்"தான். பார்பெல் (இரண்டு பக்கமும் எடை பிளேட் மாட்டும் நீளக் கம்பி) பற்றி இரண்டு தகவல். முழு நீள ஒலிம்பிக் பார் ஒன்றும் போடாமலே 20 கிலோ, பெண்களுக்கான பார் 15 கிலோ. வெறும் பாரைத் தூக்குவதில் எந்தக் குறைவும் இல்லை. பிளேட்டைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டால் கனமான பக்கம் இழுத்து, பார் ரேக்கிலிருந்து எகிறி விழும். புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே மிகச் சத்தமானது இதுதான், ஆபத்தானதும்கூட.

5. ஓட்டக் குழுவில எப்பவும் நான்தான் கடைசி. மத்தவங்க எனக்காகக் காத்து நிக்கறது அசிங்கமா இருக்கு.

குழு எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது இது, உங்கள் காலைப் பொறுத்தது குறைவு. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. 5 கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம். ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு தன்னார்வலர் கடைசி ஆளாக வருவதையே வேலையாக ஏற்றுக்கொள்கிறார். அதனால் பங்கேற்பவர் யாருமே கடைசியாக முடிப்பதில்லை. எளிய ஏற்பாடு, பெரிய பலன்.

உங்கள் குழுவில் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்? எங்கெங்கே நின்று ஒன்று சேர்வீர்கள்? பின்னால் வர ஒருவர் இருக்கிறாரா? "மெதுவாத்தான் ஓடுவோம்" என்ற பதிலை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். அவர்கள் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், நீங்கள் எட்டரை நிமிடம் என்றால் 5 கிலோமீட்டரில் பத்து நிமிட இடைவெளி விழும்.

இடைவெளியை மறைக்க வழி இருக்கிறது. தூரத்தை வைத்துத் திரும்பாமல் நேரத்தை வைத்துத் திரும்பச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே பாதையில் கிளம்பி 20 நிமிடம் ஆனதும் நின்ற இடத்திலேயே திரும்பினால், போன வேகத்திலேயே வரும் வேகமானவரும் மெதுவானவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கு வருவார்கள். 400 மீட்டர் தடகளப் பாதையில் சுற்றி ஓடினாலும் யார் முன், யார் பின் என்றே தெரியாது. ஓட்டமும் நடையும் கலந்து செய்வதும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஜெஃப் காலவே 1970களிலிருந்து இந்த முறையில் மாரத்தான் வரை பயிற்சி கொடுத்தவர். ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று தொடங்குங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. பேச்சே வரவில்லை என்றால் குழுவின் வேகத்தில் ஓடுகிறீர்கள், உங்கள் வேகத்தில் இல்லை.

6. நான் சேர்ந்தா அவங்க பயிற்சி கெட்டுப் போகாதா?

ஜோடியாகச் செய்யும் பயிற்சியில், இருவருக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால், கெடத்தான் செய்யும். அதைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, உங்களுக்கு அருகான ஒருவரோடு ஜோடி கேளுங்கள். மற்ற எதிலும் உங்கள் எடை உங்கள் கையில், அவர் எடை அவர் கையில்.

உங்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. 1920களில் ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ கோலர் படகு விடுபவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், சேர்ந்து உழைக்கும்போது பலம் குறைந்தவர் தனியாகச் செய்வதைவிட அதிகம் உழைத்தார். இருவருக்கும் வித்தியாசம் அறவே இல்லாதபோதோ மிக அதிகமாக இருந்தபோதோ இந்தப் பலன் குறைந்தது. உங்களைவிடக் கொஞ்சம் தேர்ந்தவரைத் தேடுங்கள். கூடத்திலேயே பெரிய ஆளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள்.

7. எத்தனை நாள்ல இது நம்ம இடம்னு தோணும்?

இரண்டு தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று பழக்கம். ஃபிலிப்பா லாலியின் குழு செய்த ஆய்வில், தினமும் ஒரு செயலைச் செய்தவர்களுக்கு அது தானாக வரும் நிலையை எட்ட எடுத்த நாட்களின் இடைநிலை அளவு 66. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. வாரம் இரண்டு நாள் வருகிறவருக்கு இன்னும் கூடும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, 22ஆம் நாள் மனம் உடைய வேண்டாம்.

இன்னொன்று மனிதர்கள். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 25 வாரம், அதாவது ஆறு மாதம். அதுவும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கழித்த மணிகளை நாங்கள் இதில் சேர்க்க மாட்டோம். மூன்றாவது வாரத்தில் "யாரும் என்னோட பேசல" என்று விலகுகிறவர்கள் ரொம்பச் சீக்கிரம் விலகுகிறார்கள்.

இந்தக் காலத்தைக் குறைக்க ஒரே வழிதான் எங்களுக்குத் தெரியும்: ஒரே கிழமை, ஒரே நேரம். வாரம் ஐந்து நாள் கிடைத்த நேரத்தில் வருகிறவர் ஐந்து வேறு கூட்டத்தைப் பார்க்கிறார். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு என்று வருகிறவர் அதே பன்னிரண்டு முகங்களைப் பார்க்கிறார், ஒரு நாள் வராவிட்டால் "போன தடவை காணோமே" என்று அவரைத்தான் கேட்பார்கள். பத்து நிமிடம் முன்னால் வாருங்கள், முடிந்ததும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பேச்செல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நடக்கிறது.

8. எனக்குப் பேச்சு வராது. ஓரமா இருந்துட்டுப் போறவன் நான். அப்போ?

பேச வராதவர்களுக்கு வேலை உதவும். விரிப்புகளை அடுக்குவது, நேரம் பார்த்துச் சொல்வது, ஓட்டத்துக்கு வந்தவர்களின் பெயரை டிக் செய்வது, தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது. சிறிய வேலை ஒன்றைத் தொடர்ந்து செய்கிறவரை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள், அவர் பேச்சைத் தொடங்கவே தேவையில்லை. ஒரு வகுப்புக்கு ஒருவர் பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வையுங்கள். நண்பர்கள் அமையாமலே வருடக்கணக்கில் நிம்மதியாக வந்து போகிறவர்களும் உண்டு. தலையசைப்பு மட்டுமே போதுமென்றால் அதுவும் சரிதான்.

9. சரியான டிரஸ், ஷூ இல்லாம போகலாமா?

போகலாம். வியர்வை உறிஞ்சும், குனிந்தால் ஏறாத உடை, நழுவாத காலணி. ஓட்டத்துக்கு மட்டும் பெருவிரலுக்கும் நுனிக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும் ஓட்டக் காலணி வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். கையுறை, பெல்ட், பட்டை எதுவும் முதல் மூன்று மாதத்துக்குத் தேவைப்படாது.

10. உடம்பு பெருசு. மெஷின் எனக்கு ஆகுமா, உடைஞ்சுடுமான்னு பயமா இருக்கு.

நியாயமான கேள்வி, வெட்கமில்லாமல் கேளுங்கள். ட்ரெட்மில், பயிற்சி சைக்கிள் போன்றவற்றுக்குத் தாங்கும் எடை வரம்பு உண்டு. பெரும்பாலும் கருவியின் மேல் ஒட்டியிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். கூடங்களுக்கான கருவிகளின் வரம்பு வீட்டுக் கருவிகளைவிட மிக அதிகம். இருக்கை ஆகாத மெஷினுக்குப் பதில் கேபிளும் டம்பெல்லும் எல்லா உடம்புக்கும் ஆகும். தரையில் படுத்து எழுவது கஷ்டமென்றால் அதே பயிற்சியைப் பெஞ்சிலோ சுவரில் கை ஊன்றியோ செய்யலாம், வகுப்புக்கு முன்பே பயிற்சியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கும் இதே பதில்தான். அறுபதைத் தாண்டியவர்களும் பயிற்சியால் தசையும் பலமும் பெறுகிறார்கள். கூட்டும் வேகம்தான் நிதானமாக இருக்க வேண்டும்.

"கொஞ்சம் இளைச்சிருக்கீங்களே" என்ற பாராட்டு சிலருக்குக் குத்தும். "எடை பாக்கறதில்லை, போன மாசத்தைவிட ரெண்டு புஷ்-அப் கூடுது" என்று பேச்சைத் திருப்பினால் இரண்டொரு முறையில் அவர்களும் அதைக் கேட்கப் பழகிவிடுவார்கள்.

11. கேக்காமலே வந்து "இப்படிப் பண்ணுங்க"ன்னு சொல்லித் தர்றாங்க. திட்டவும் முடியல, கேக்கவும் பிடிக்கல.

சொல்வது பாதுகாப்பு பற்றியதா, பாணி பற்றியதா என்று பாருங்கள். "அந்த கிளிப் கழண்டிருக்கு", "பின்னால பாருங்க, பார் வருது" என்றால் நன்றி சொல்லி உடனே செய்யுங்கள். மற்றதற்கு, "ட்ரெயினர் இந்த மாசம் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கார், அதை முடிச்சுக்கறேன்" என்ற ஒரு வரி போதும். பயிற்சியாளர் இல்லாவிட்டாலும் மூன்றாம் கேள்வியில் சொன்ன சீட்டைக் காட்டலாம். எழுதி வைத்திருப்பவரிடம் யாரும் அதிகம் வாதாடுவதில்லை. தொட்டுத் திருத்த வந்தால் "தொடாம சொல்லுங்க" என்று நேராகச் சொல்லுங்கள், மீறினால் நிர்வாகத்திடம் போங்கள்.

12. வாட்ஸ்அப் குரூப்ல தினமும் ஒரே சாதனைப் படம். பாத்தாலே சோர்ந்து போறேன்.

அறிவிப்பை நிறுத்தி வையுங்கள், குழுவில் இருங்கள். இடமும் நேரமும் மாறும் தகவல் அங்கேதான் வரும். சாதித்தவர்தான் படம் போடுகிறார், பாதியில் நடந்து திரும்பியவர் போடுவதில்லை. அதனால் திரையில் தெரிவது குழுவின் உச்சி மட்டும். நீங்கள் ஏதாவது போட வேண்டுமென்றால் "நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன், மெதுவா ஓடறவங்க யாராவது உண்டா?" என்று போடுங்கள். பதில் வரும், பெரும்பாலும் குழுவில் வாயே திறக்காதவர்களிடமிருந்து.

13. மூணு மாசம் போகல. இப்போ திரும்பிப் போனா என்ன கேப்பாங்களோன்னு இருக்கு.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்பார்கள். "வேலை, இப்போ வந்துட்டேன்" என்றால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஏழாம் கேள்வியில் சொன்ன லாலியின் ஆய்வில் ஒரு நாள் விடுபட்டது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மூன்று மாதம் அப்படி இல்லைதான், ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. முன்பு கட்டிய தசை புதிதாகக் கட்டுவதைவிட வேகமாகத் திரும்பும், மூச்சுத் திறன்தான் முதலில் இறங்கியிருக்கும்.

முதல் வாரம் பழைய எடையில் பாதி, பழைய செட்டுகளில் பாதி. இரண்டாம் வாரம் செட்டுகளைக் கூட்டுங்கள், மூன்றாம் வாரத்திலிருந்து எடையை. திரும்பி வந்தவர்கள் அடிபடுவது, விட்ட இடத்தின் எடையை முதல் நாளே போட்டுப் பார்ப்பதால்.

14. என் கூச்சம்தான் பிரச்சினையா, இல்ல இந்த இடமே சரியில்லையா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

எட்டு வகுப்பு போய்ப் பாருங்கள், ஒரே நேரத்தில். உள்ளே போகும் முன் பயம், போன பிறகு பரவாயில்லை என்றால் அது கூச்சம். அது கரையும். போகும் முன் ஒன்றுமில்லை, வெளியே வரும்போது சிறுத்துப்போன மாதிரி இருக்கிறது என்றால் இடத்தைச் சந்தேகப்படலாம்.

எட்டு வகுப்புகூடக் காத்திருக்கத் தேவையில்லாத அடையாளங்களும் உண்டு. வலிக்கிறது என்றால் "வலிக்காம எப்படி?" என்று தொடரச் சொல்வது, எல்லார் முன்னாலும் எடை பார்த்துப் படிப்பது, தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து குதிக்கும் கடும் பயிற்சி) போடவைப்பது, பவுடரும் மாத்திரையும் வாங்காதவரை அலட்சியப்படுத்துவது, மெதுவானவரை இருட்டுப் பாதையில் விட்டுவிட்டுப் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். இப்படி எதுவும் இல்லை, ஆட்களும் நல்லவர்கள்தான், ஆனால் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் முதலில் நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே கூடத்தில் காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் இரண்டு வேறு உலகம்.

15. எனக்குப் போட்டி, மாரத்தான், நூறு கிலோ எதுவும் வேண்டாம். இப்படியே இருந்தா போதும். கோச் ஒத்துக்க மாட்டேங்கறார்.

பயிற்சியாளர்களுக்கு முன்னேற்றம்தான் கண்ணுக்குத் தெரியும், அது அவர்கள் தொழில். அவர்கள் பாஷையிலேயே பேசுங்கள்: "தக்கவைக்கற திட்டம் ஒண்ணு போட்டுக் குடுங்க." பெற்ற பலத்தைக் காப்பாற்ற, பெறுவதற்குச் செய்த அளவு தேவையில்லை. எடையைக் குறைக்காமல் செட்டுகளைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து, வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை செய்தால் பெரும்பாலோருக்குப் பல மாதம் நிற்கும். வயது கூடியவர்களுக்கு இரண்டு முறை பாதுகாப்பான அளவு. முதலில் குறைக்கக் கூடாதது எடை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டி, பலம் போகிறதே என்று திகைக்கிறார்கள்.

கூடத்தில் சவால், பந்தயம் என்று மாதம் ஒன்று நடக்கும்போது ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. எட்டாம் கேள்வியில் சொன்ன மாதிரி நேரம் பார்க்கும் வேலையையோ எண்ணும் வேலையையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு எப்போதும் ஆள் போதாது.